வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்: ஒரு பாட்டும் அதைத் திரும்பப் பாடியவர்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய சோல் பாட்டுகளைப் பற்றி (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உருக்கமான பாட்டு வகை) நண்பர்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு இந்த ஒரு பாட்டில் வந்துதான் நிற்கும். கேள்விகளும் எப்போதும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். பாட்டின் பெயரை 'ஓர் ஆண் ஒரு பெண்ணை நேசிக்கும்போது' என்று தமிழில் சொல்லலாம். ஆனால் பாட்டுக்குள் அந்த ஆள் படும் பாட்டைப் பார்த்தால் 'பித்துப் பிடித்தால்' என்று வைப்பதுதான் பொருத்தம்.

இது மைக்கேல் போல்டன் பாட்டுதானே?

இல்லை. ஆனால் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. தொண்ணூறுகளில் ஆங்கிலப் பாட்டு கேட்க ஆரம்பித்தவர்கள் பலரும் அமெரிக்கப் பாப் பாடகர் போல்டன் குரலில்தான் இதை முதலில் கேட்டோம். நானும் அப்படித்தான். அசல் பாட்டு 1966-ல் வந்தது. பாடியவர் பெர்ஸி ஸ்லெட்ஜ் என்ற கறுப்பினப் பாடகர். அந்த வருடம் மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்குப் போய் இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலிலும் முதலிடம். பிரிட்டனில் நான்காம் இடம்.

போல்டனின் பதிவு 1991-ல் வந்தது. அதுவும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இருபத்தைந்து வருட இடைவெளியில் ஒரே பாட்டு இரண்டு பேரை உச்சியில் உட்கார வைத்திருக்கிறது.

பெர்ஸி ஸ்லெட்ஜ் யார்? அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?

அலபாமா மாநிலத்தில் லெய்ட்டன் என்ற சின்ன ஊரில் 1940-ல் பிறந்தவர். பருத்திக்காட்டில் வேலை செய்து வளர்ந்த பிள்ளை. அப்புறம் பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் கோல்பர்ட் கவுண்டி மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை. நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பது, தள்ளுவண்டியில் அழைத்துப் போவது மாதிரியான வேலைகள். வார இறுதிகளில் எஸ்கொயர்ஸ் காம்போ என்ற குழுவோடு சேர்ந்து கல்லூரி விருந்துகளிலும் நடன நிகழ்ச்சிகளிலும் பாடுவார்.

அந்த மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போன ஒருவர் மூலமாகத்தான் அவருக்குக் குவின் ஐவியின் அறிமுகம் கிடைத்தது. ஐவி அந்த ஊர் வானொலியில் அறிவிப்பாளர். இசைத்தட்டுக் கடை ஒன்றும் வைத்திருந்தார். சின்னதாக ஒரு ஸ்டுடியோவும் திறந்திருந்தார். ஸ்லெட்ஜின் வாழ்க்கையில் இது முதல் பதிவு. முதல் பதிவே நாட்டின் முதலிடம்.

பாட்டை எழுதியது யார்?

இதற்கு இசைத்தட்டில் ஒரு பதில் இருக்கிறது, ஸ்லெட்ஜ் சொன்ன பதில் வேறாக இருக்கிறது.

இசைத்தட்டில் இருக்கும் பெயர்கள் கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட். இருவரும் எஸ்கொயர்ஸ் காம்போவில் இருந்தவர்கள். ஒருவர் பேஸ் கிட்டார், மற்றவர் ஆர்கன். ஸ்லெட்ஜ் பின்னாளில் பேட்டிகளில் சொன்னது இது: கட்டட வேலை போன சமயத்தில் காதலியும் விட்டுவிட்டுப் போய்விட்டாள், பின்னாலேயே போகக் கையில் காசில்லை, அந்த வேதனையில் வந்த பாட்டு. மெட்டு சின்ன வயதிலிருந்தே காட்டில் வேலை செய்யும்போது வாய்க்குள் முனகிக்கொண்டிருந்ததாம். ஆரம்பத்தில் அது 'ஏன் என்னை விட்டுப் போனாய்' என்று கேட்கிற பாட்டாக இருந்தது, பிறகுதான் இப்போதுள்ள வரிகளுக்கு மாறியது என்றும் சொல்லியிருக்கிறார். கூட நின்று உருவாக்கிய இரண்டு நண்பர்களுக்கும் எழுதியவர் என்ற பெயரை அவரே முழுசாகக் கொடுத்துவிட்டார் என்பது அவர் தரப்பு.

யார் எவ்வளவு செய்தார்கள் என்று அறுபது வருடம் கழித்து இங்கே உட்கார்ந்து நான் பஞ்சாயத்து செய்ய முடியாது. சட்டப்படி அது லூயிஸ், ரைட் இருவரின் பாட்டு. அவ்வளவுதான்.

பெயர்தானே, போனால் போகட்டும். அதில் என்ன பெரிய நஷ்டம்?

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பாட்டு வேறு, பதிவு வேறு. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து. ஒரு பாடகர் ஸ்டுடியோவில் பாடிப் பதிந்த ஒலி இன்னொரு சொத்து. அமெரிக்காவில் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும், பாட்டின் உரிமையைக் கவனிக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்குப் போகாது. இன்றைக்கும் அங்கே நிலைமை அதுதான். இணைய வானொலி மாதிரியான டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் தொண்ணூறுகளில் தனிச் சட்டம் வந்தது.

சரி, இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1966-லிருந்து அமெரிக்க வானொலிகளில் ஸ்லெட்ஜின் குரல் எத்தனை ஆயிரம் தடவை ஒலித்திருக்கும்! அந்த ஒலிபரப்புகள் எதற்கும் அவருக்குப் பங்கில்லை. போல்டன் பாடியபோதும் அப்படியே. திரும்பப் பாடுகிறவர் தருகிற பணம் முழுக்கப் பாட்டை எழுதியவர் பக்கம் போகும். அசலாகப் பாடிய குரலுக்கு அதில் ஒன்றுமில்லை. அதனால் ஸ்லெட்ஜுக்குச் சோறு போட்டது மேடைதான். சாகும்வரை ஊர் ஊராகப் போய் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்ததற்கு ரசிகர்கள் மேல் இருந்த பிரியம் ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

எங்கே பதிவானது? மஸில் ஷோல்ஸ் என்கிறார்களே, அது ஸ்டுடியோவா, ஊரா?

ஊர். டென்னசி நதிக்கரையில் ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்டு, டஸ்கம்பியா, மஸில் ஷோல்ஸ் என்று நான்கு சின்ன ஊர்கள் ஒட்டியொட்டி இருக்கின்றன. நான்கையும் சேர்த்துப் பொதுவாக மஸில் ஷோல்ஸ் என்றே சொல்லிவிடுவார்கள். ப்ளூஸ் இசையை முதலில் காகிதத்தில் ஏற்றிப் பரப்பிய டபிள்யூ. சி. ஹாண்டி ஃப்ளாரன்ஸில் பிறந்தவர். எல்விஸ் பிரெஸ்லியை முதலில் பதிவு செய்த சாம் பிலிப்ஸும் அதே ஊர்க்காரர். அந்தத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அங்கே போனவர்கள் எல்லோருமே ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள்.

அங்கே ரிக் ஹால் நடத்திய ஃபேம் என்ற ஸ்டுடியோதான் பெரியது. அவருக்கு நேரமில்லாதபோது வருகிற வேலைகள் குவின் ஐவியின் நோராலா ஸ்டுடியோவுக்குப் போகும். நம் பாட்டு பதிவானது இந்தச் சின்ன இடத்தில். தயாரிப்பு ஐவியும் மார்லின் கிரீனும். கிட்டார் வாசித்ததும் கிரீன்தான். ஆர்கன் ஸ்பூனர் ஓல்ட்ஹாம், டிரம்ஸ் ரோஜர் ஹாக்கின்ஸ், பேஸ் ஜூனியர் லோ. ஒலிப்பதிவு ஜிம்மி ஜான்சன்.

இவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்கார இளைஞர்கள். பாடியவர் கறுப்பர். இதே அலபாமாவில்தான் முந்தைய வருடம், 1965 மார்ச்சில், செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவலர்கள் அடித்துத் துரத்தினார்கள். அந்த ஊரில், அந்தக் காலத்தில், இவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இதை வைத்து இசை எல்லா வேலியையும் தாண்டும் என்று கவிதை எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. ஸ்டுடியோ கதவுக்கு வெளியே வேலி அப்படியேதான் இருந்தது.

பதிவைக் கேட்ட ரிக் ஹால் நியூயார்க்கில் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லருக்குத் தொலைபேசியில் சொல்ல, அட்லாண்டிக் அதை வாங்கி வெளியிட்டது. இந்த வெற்றிக்குப் பிறகுதான் வெக்ஸ்லர் தன் பெரிய பாடகர்களை இந்தப் பக்கம் கூட்டிவர ஆரம்பித்தார். வில்சன் பிக்கெட் வந்தார். 1967 ஜனவரியில் அரீத்தா ஃபிராங்க்ளின் வந்தார்.

ஆரம்பத்தில் வரும் அந்த ஆர்கன் கோவில் மணி மாதிரி மனசைப் பிடிக்கிறதே, அதில் என்ன விசேஷம்?

கோவில் மணி இல்லை, தேவாலயம். வாத்தியம் என்னவோ ஃபார்ஃபிசா என்ற இத்தாலிய மின்சார ஆர்கன். துள்ளலான ராக் குழுக்கள் வைத்திருக்கும் மலிவான சாமான். அதில் ஓல்ட்ஹாம் நிறுத்தி நிதானமாக வாசித்தது கிட்டத்தட்ட ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இசை.

விசேஷம் கீழே இருக்கும் பேஸ் சுரங்களில். நம் கணக்கில் சொன்னால் மேல் ஸட்ஜத்தில் தொடங்கி ச, நி, த, ப, ம என்று படிப்படியாக இறங்கும். அப்புறம் பஞ்சமத்தைத் தொட்டு மறுபடி ஸட்ஜம். இறங்குகிறது, ஏறப் பார்க்கிறது, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. விட்டுப் போனவளின் தெருவிலேயே சுற்றிச் சுற்றி வருகிற ஆள் மாதிரி. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து ஐரோப்பியச் செவ்வியல் இசையிலும் இந்த இறங்குவரிசை உண்டு. 1967-ல் பிரிட்டனின் புரோகோல் ஹாரம் குழு 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' வெளியிட்டபோது அந்த ஆர்கனில் பாக்கும் ஸ்லெட்ஜும் சேர்ந்து கேட்பதாகப் பலர் சொன்னார்கள். அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், தெரியும்.

தாளம் மெதுவான திஸ்ர நடை. ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று மூன்றாக விழும். ஹாக்கின்ஸ் டிரம்ஸில் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த 'ஒன்றுமே செய்யாமை' எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

இன்னொன்று: இந்தப் பாட்டில் தனியாகப் பல்லவி என்று திரும்பத் திரும்ப வரும் பகுதி கிடையாது. தலைப்பு வரியே ஒவ்வொரு கண்ணிக்கும் முதலடியாக வரும். நடுவில் ஒரே ஒரு திருப்பம். மொத்தமே மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

கடைசியில் வரும் டிரம்பெட், சாக்ஸபோன் சுருதி விலகியிருக்கிறதாமே?

ஆமாம், விலகித்தான் இருக்கிறது. கூர்மையான காது வேண்டாம், சும்மா கேட்டாலே உறுத்தும். வெக்ஸ்லருக்கும் உறுத்தியது. ஊதும் வாத்தியங்களைத் திரும்பப் பதிந்து அனுப்பச் சொன்னார். ஐவியும் கிரீனும் மறுபடி பதிந்து அனுப்பினார்கள். அட்லாண்டிக்கில் டேப் மாறிப்போய், சுருதி விலகிய பழைய பதிவே இசைத்தட்டாகிவிட்டது என்பது அங்கே இருந்தவர்கள் சொல்லிவந்த கதை. பாட்டு முதலிடத்துக்குப் போன பிறகு வெக்ஸ்லர், 'பார்த்தீர்களா, திரும்பப் பதிந்தது நல்லதாய்ப் போயிற்று' என்று ஐவியிடம் பெருமையாகச் சொன்னாராம்.

என் கட்சி இதில் தெளிவானது. அந்த விலகல்தான் பாட்டைக் காப்பாற்றுகிறது. ஸ்லெட்ஜின் குரலே சில இடங்களில் சுரத்தின் விளிம்பில் நின்று ஆடும். கெஞ்சுகிறவன் குரல் அப்படித்தான் இருக்கும். பின்னால் ஊதுகிறவர்கள் மட்டும் மிலிட்டரி பேண்டு மாதிரி துல்லியமாக நின்றிருந்தால் அவன் தனியாள் ஆகியிருப்பான். இப்போது அவர்களும் கூடச் சேர்ந்து தள்ளாடுகிறார்கள்.

கல்யாண வரவேற்பில் இந்தப் பாட்டைப் போடலாமா?

நிறையப் பேர் போடுகிறார்கள். வரிகளைக் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாட்டு சொல்வது இதைத்தான். இப்படி ஆசை வைத்தவனுக்கு வேறெதிலும் மனம் போகாது. அவள் கெட்டவளாகவே இருந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது. உயிர்த் தோழன் அவளைக் குறை சொன்னால் தோழனையே விட்டுவிடுவான். கையில் இருக்கும் கடைசிக் காசு வரை செலவழிப்பான். அவள் சொன்னால் மழையில் போய்ப் படுப்பான். அவள் ஏமாற்றினால் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் இவனுக்குத் தெரியும்.

இதில் வாழ்த்து எங்கே இருக்கிறது? நம் அகப்பாடல்களில் பனங்கருக்கில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர் பார்க்க மடலேறும் ஆள் ஒருவன் வருவானே, அவனுக்கு இவன் தூரத்துச் சொந்தம்.

வரிகளில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முதல் இரண்டு கண்ணிகளும் படர்க்கையில் போகும். யாரோ ஒருவனைப் பற்றி, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பொது உண்மையைச் சொல்வது மாதிரி. நடுவில் திருப்பம் வரும்போது அந்த யாரோ ஒருவன் 'இந்த ஆள்' ஆகிவிடுவான். எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்து, என்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், என்னைப் படுத்தாதே என்று நேராகக் கெஞ்சல். பிறகு வெட்கம் வந்த மாதிரி மறுபடி படர்க்கைக்குப் போவான். முடிவில் தாங்க முடியாமல், அவன் மனசு எனக்கு அப்படியே தெரியும் என்று உடைத்துவிடுவான். 'என் நண்பனுக்கு ஒரு பிரச்சினை' என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்லும் ஆட்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம்.

திரும்பப் பாடுகிறவர்களை நான் எடைபோடுவது அந்த நடுத் திருப்பத்தை வைத்துத்தான். அங்கே குரல் சுருங்கினால் பாட்டைப் புரிந்துகொண்டவர். அங்கே நெஞ்சை நிமிர்த்தினால் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்.

திரும்பப் பாடியவர்களில் யாரைக் கேட்கலாம்?

பட்டியல் ரொம்ப நீளம். நாட்டுப்புறக் கன்ட்ரி பாடகர்கள், கனடாவின் லூபா, ஆர்ட் கார்ஃபங்கல் என்று ஆளாளுக்குப் பாடியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்க வேண்டிய தேவை இல்லை. மூன்று பெண்களைச் சொல்கிறேன்.

முதலில் எஸ்தர் பிலிப்ஸ். அசல் வெளிவந்த அதே 1966-ல், அதே அட்லாண்டிக் நிறுவனத்துக்காக, தலைப்பையே புரட்டி 'ஒரு பெண் ஓர் ஆணை நேசிக்கும்போது' என்று பாடினார். பதில் பாட்டு என்பது அப்போது அங்கே ஒரு வழக்கம். ஒரு பாட்டு ஓடினால் அடுத்த மாதமே எதிர்ப்பாட்டு வந்துவிடும். ஆனால் பிலிப்ஸ் பாடும்போது அது வியாபாரத் தந்திரமாகத் தெரியாது. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே மேடையேறி, போதையில் விழுந்து எழுந்த குரல் அது. மூக்கடைத்த மாதிரி ஒரு கூர்மை இருக்கும். அவன் ஏமாறுவதை அவன் கடைசியாகத் தெரிந்துகொள்கிறான். இவள் எல்லாம் தெரிந்தே நிற்கிறாள் என்பது போலப் பாடுவார்.

அடுத்து கேரன் டால்டன், 1971. நாட்டார் பாடல் வட்டத்தைச் சேர்ந்தவர். வாழ்நாளில் அவர் வெளியிட்டது இரண்டே ஆல்பங்கள். அதில் இரண்டாவதான 'இன் மை ஓன் டைம்' ஆல்பத்தில் இது இருக்கிறது. 1993-ல் அதிகம் பேர் அறியாமலே இறந்துபோனார். குரல் களைத்திருக்கும், சொற்கள் தாளத்துக்குப் பின்னால் இழுபடும். ஸ்லெட்ஜ் வாசலில் நின்று கெஞ்சுகிறார் என்றால் டால்டன் அந்தக் கெஞ்சலெல்லாம் முடிந்து பல வருடம் கழித்து நினைத்துப் பார்க்கிறார். அசலுக்கு அடுத்தபடியாக எனக்கு இதுதான். நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை, குரல் பழகச் சில தடவை கேட்க வேண்டும்.

மூன்றாவது பெட் மிட்லர். 1979-ல் வந்த 'தி ரோஸ்' படத்தில், சரிந்துகொண்டிருக்கும் ஒரு ராக் பாடகியாக நடித்து மேடையில் பாடுவார். அந்தப் பாத்திரத்துக்கு ஜானிஸ் ஜாப்ளினின் வாழ்க்கை சாயல். 1980-ல் தனி இசைத்தட்டாகவும் வந்து 35-ஆம் இடம் வரை போனது. இதில் நடிப்பு அதிகம், கத்தலும் அதிகம். ஆனால் அந்தப் படத்தின் அந்த இடத்தில் அதுதான் சரி. படத்தோடு பாருங்கள், தனியாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

போல்டனை மட்டும் ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

பாவம், அவருக்குக் குரல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மலை மாதிரிக் குரல். 1988-லேயே சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'டாக் ஆஃப் தி பே' பாட்டைத் திரும்பப் பாடி வெற்றி பெற்றவர். 1991-ல் 'டைம், லவ் அண்ட் டெண்டர்னஸ்' ஆல்பத்தில் இந்தப் பாட்டைச் சேர்த்தார். அதற்கு 1992-ல் சிறந்த ஆண் பாப் பாடகருக்கான கிராமி விருது கிடைத்தது. விருதை வாங்கும்போது ஸ்லெட்ஜின் பெயரைச் சொல்லவில்லை என்று அப்போது பெரிய முணுமுணுப்பு எழுந்தது. திட்டுக்கு ஒரு பாதி காரணம் அது.

மறு பாதி இசை. சுருதி விலகிய குழல்கள் இல்லை, மலிவான ஆர்கன் இல்லை, எல்லாம் பளபளப்பு. நான் சொன்ன அந்த நடுத் திருப்பத்தில் அவர் குரல் விரிந்து வானத்துக்குப் போகிறது. கெஞ்சுகிறவன் அப்படிப் பாட மாட்டான், ஜெயித்தவன்தான் பாடுவான். கல்யாண வரவேற்புகளில் இந்தப் பாட்டு ஒலிப்பதற்கு இந்தப் பதிவுக்கும் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போல்டன் பாடாமல் இருந்தால் நான் ஸ்லெட்ஜைத் தேடிப் போயிருக்க மாட்டேன்.

இதே ஆல்பத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 'லவ் இஸ் எ வொண்டர்ஃபுல் திங்' என்று போல்டனே கூட்டாக எழுதிய பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. அதே தலைப்பில் தாங்கள் அறுபதுகளில் பாடிய பாட்டிலிருந்து எடுத்துவிட்டார் என்று ஐஸ்லி பிரதர்ஸ் குழுவினர் வழக்குப் போட்டார்கள். 1994-ல் நடுவர் குழு ஐஸ்லிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மொத்தம் 54 லட்சம் டாலர். மேல்முறையீட்டிலும் 2000-ல் அதே முடிவு. அடுத்தவர் பாட்டை வெளிப்படையாகப் பாடினார், விருது கிடைத்தது. சொந்தப் பாட்டு என்று சொன்னதற்கு அபராதம் கட்டினார்.

அடுத்தவர் பாட்டைப் பாட அனுமதி வாங்க வேண்டாமா?

அமெரிக்காவில், ஒரு பாட்டு ஒரு முறை பதிவாகி வெளிவந்துவிட்டால், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் புதிதாகப் பாடிப் பதியலாம். எழுதியவர் மறுக்க முடியாது. சட்டம் நிர்ணயித்த தொகையை ஒவ்வொரு பிரதிக்கும் கட்டினால் போதும். இது 1909 சட்டத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. அப்போது தொகை பிரதிக்கு 2 சென்ட். 1966-லும் அதே 2 சென்ட்தான். 1978 வரை மாற்றவே இல்லை! அதையும் பதிப்பாளரும் எழுதியவர்களும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

பாடகர் தன் பாணிக்கு ஏற்றபடி இசையமைப்பை மாற்றிக்கொள்ளலாம். மெட்டின் அடிப்படையை, பாட்டின் குணத்தை மாற்றக் கூடாது. படத்திலோ விளம்பரத்திலோ போட வேண்டுமென்றால் இந்த வழி செல்லாது, தனியாகப் பேசி அனுமதி வாங்க வேண்டும்.

1987-ல் மறுபடி எப்படி ஹிட் ஆனது?

ஜீன்ஸ் விளம்பரம். பிரிட்டனில் லீவைஸ் நிறுவனம் பழைய சோல் பாட்டுகளை வைத்துத் தொலைக்காட்சி விளம்பரங்கள் எடுத்தது. அதில் இந்தப் பாட்டும் பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மி' பாட்டும் வர, இசைத்தட்டுகளை மறுபடி வெளியிட்டார்கள். கிங் முதலிடம், ஸ்லெட்ஜ் இரண்டாமிடம். அசல் வெளிவந்தபோது கிடைத்த நான்காம் இடத்தைவிட இருபத்தோரு வருடம் கழித்துக் கிடைத்த இடம் மேலானது. வியட்நாம் போரைப் பற்றிய 'பிளட்டூன்' படத்திலும் பாட்டு இருந்தது. 1992-ல் வந்த 'தி கிரையிங் கேம்' படம் தொடங்குவதே இந்தப் பாட்டில்தான். கதை தெரிந்த பிறகு திரும்பப் பார்த்தால் இயக்குநரின் குறும்பு புரியும்.

ஸ்லெட்ஜ் ஒரே பாட்டில் முடிந்துபோனவரா?

இல்லவே இல்லை. 'வார்ம் அண்ட் டெண்டர் லவ்', 'இட் டேர்ஸ் மி அப்', 1968-ல் வந்த 'டேக் டைம் டு நோ ஹெர்' மூன்றும் அப்போது நன்றாக ஓடியவை. கடைசிப் பாட்டில் அம்மா எச்சரித்தும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு மாட்டிக்கொள்கிறான் மகன். இவருக்கு இதே வேலை! தென்னாப்பிரிக்காவில் அவருக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. 1970-ல் அங்கே போய்ப் பாடினார். 2005-ல், இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2015 ஏப்ரலில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் காலமானார்.

இணையத்தில் தேடினால் ஸ்லெட்ஜ் பாடியதாகவே பல பதிவுகள் வருகின்றன. அசல் எது?

நல்ல கேள்வி, நானும் ஏமாந்திருக்கிறேன். பழைய பாடகர்கள் பலரையும்போல இவரும் பிற்காலத்தில் தன் பாட்டுகளை மறுபடி பதிந்தார். மலிவு விலைத் தொகுப்புகளில் பெரும்பாலும் அந்தப் பதிவுகள்தான் இருக்கும். அட்லாண்டிக் பெயரும் 1966 என்ற வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல வழி, கடைசி முப்பது விநாடிக்கு ஓட்டிவிட்டுக் கேட்பது. குழல்கள் சுருதி சுத்தமாக இருந்தால் அது அசல் இல்லை.

இதற்கடுத்து என்ன கேட்பது?

எட்டா ஜேம்ஸ் பாடிய 'ஐ'ட் ராதர் கோ பிளைண்ட்'. 1967-ல் அதே மஸில் ஷோல்ஸில் ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டுடியோவில் பதிந்தது. நீ வேறொருத்தியோடு போவதைப் பார்ப்பதற்குக் கண் தெரியாமலே போகட்டும் என்கிற பாட்டு. சிறையில் இருந்த நண்பர் எலிங்டன் ஜோர்டானிடம் கேட்டு, அவரோடு சேர்ந்து முடித்ததாக எட்டா தன் சுயசரிதையில் சொல்கிறார். எழுதியவர் பெயராக ஜோர்டானோடு இருப்பது எட்டாவின் பெயர் இல்லை. வரிப் பிரச்சினைக்காக அப்போதைய காதலர் பில்லி ஃபாஸ்டரின் பெயரைப் போடச் சொல்லிவிட்டாராம். மறுபடியும் அதே கதை.

அதையும் நிறையப் பேர் திரும்பப் பாடியிருக்கிறார்கள். 1969-ல் பிரிட்டனின் சிக்கன் ஷாக் குழுவில் கிறிஸ்டீன் பெர்ஃபெக்ட் பாடியதை முதலில் கேளுங்கள். அவர்தான் பின்னால் ஃபிளீட்வுட் மேக்கில் கிறிஸ்டீன் மெக்வீ ஆனவர். 2008-ல் 'கெடிலாக் ரெக்கார்ட்ஸ்' படத்தில் எட்டாவாகவே நடித்த பியான்ஸே பாடியது அப்புறம். எட்டா பாடியதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு.